இன்றைக்குச் சூரியன்

பதினொன்று பதினேழுக்கு ஒயர்லெஸ் செட்டு வாயடைத்துப் போயிற்று. கெட்டுப்போன கருவி இரையும், கனைக்கும், எண்ணெயில் விழுந்த கடுகைப்போல் பொரியும். இது அப்படி ஒன்றும் செய்யவில்லை. நெடுங்கடலில் கிடந்த முப்பத்தெட்டு விசைப்படகுகளின் குரல்களும், அந்தக் குரல்களுக்கு அடியில் எந்நேரமும் மணல் சலிப்பதுபோல் ஓடிக்கொண்டிருக்கும் இரைச்சலும் ஒருங்கே அடங்கின. மீனவர் சங்கத்து மாடியறையில் பதினோராண்டுகளாக அந்த இரைச்சலுக்குள்ளேயே குடியிருந்து பழகிய இலாரியுஸ், முதலில் தம் காதுகளைத்தான் ஐயுற்றார். சுண்டுவிரலை வலக்காதில் விட்டு ஆட்டினார். சன்னலுக்குக் கீழே ஐஸ் உடைக்கும் ஓசையும், அதற்கப்பால் அலை சரிந்து திரும்பும் ஓசையும் துல்லியமாகக் கேட்டன. காது சரியாகத்தான் இருந்தது. கையில் மைக்கு இருந்தது. கட்டைவிரல் பொத்தானின்மேல் இருந்தது. பதிவேட்டில் பேனா முனை நேரம், படகின் பெயர் ஆகிய கட்டங்களைக் கடந்து, செய்தி என்னும் கட்டத்தின் தொடக்கத்தில் ஒரு புள்ளியாக நின்றிருந்தது. அந்தப் புள்ளி மெல்ல ஊறிப் பெரிதாகிக்கொண்டிருந்தது. படகின் பெயர் விடிவெள்ளி. அதன் ஸ்ராங்கு, அதாவது படகை நடத்துபவன், அவருடைய ஒரே மகன் ததேயு. செய்தி, "அப்பா, இன்னைக்கு" என்பதோடு அறுந்துபோயிருந்தது. நான்காண்டுகளாக அந்த வாயிலிருந்து வராத முதற்சொல்லையும், எதை வேண்டுமானாலும் பின்னால் இழுத்து வரக்கூடிய இரண்டாம் சொல்லையும் அவர் எழுதவில்லை. எழுதப் பேனாவை ஊன்றியதோடு சரி.

உருகியைக் கழற்றிப் பார்த்தார்; முழுதாக இருந்தது. மின்கலத்தின் முள் பன்னிரண்டுக்கு மேலேயே நின்றது. அலைவாங்கிக் கம்பியின் முடிச்சை, குழந்தையின் அரைஞாணைத் தொட்டுப் பார்ப்பதுபோல் தொட்டுப் பார்த்தார், இறுக்கமாகத்தான் இருந்தது. இவற்றையெல்லாம் செய்துகொண்டிருந்தபோதே, செய்யத் தேவையில்லை என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. இருபத்தேழாம் வயதில், முதற்கப்பலில், செங்கடலின் நடுவில் ஒரு நண்பகல் இதேபோல் கருவி செத்தது. பதறிப்போய்த் திருகாணிகளைக் கழற்றத் தொடங்கியவரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மூத்த வானொலி அதிகாரி சொன்னார்: "மூடு அதை. பகலில் செத்தால் சூரியனைக் கேள். இரவில் செத்தால் உன் கருவியைக் கேள்." சூரியனின் முகத்தில் எங்கோ ஒரு கரும்புள்ளிக்கு அருகில் வெடிப்பு நிகழ்கிறது, கண்ணுக்குத் தெரியாத கதிர் ஒன்று ஒளியின் வேகத்தில் வந்து பூமியின் பகற்பக்கத்து மேல்வானத்தைத் தாக்குகிறது, குரல்களைத் தாங்கி அனுப்பும் அந்த மேல்வானம், ஈரத்தை உறிஞ்சும் சுண்ணாம்புச் சுவரைப்போல் எல்லாக் குரலையும் உறிஞ்சிக்கொண்டுவிடுகிறது. அரைமணி நேரமோ, ஒருமணி நேரமோ, சிலவேளை அதற்கு மேலோ. பிறகு தானாகவே தெளிகிறது. இரவில் இருக்கும் பக்கத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. இவ்வளவுதான் அதன் இலக்கணம். விதிவிலக்கு இல்லாத இலக்கணம். சூரியனிலிருந்து இங்கே வரச் சற்றேறக்குறைய எட்டு நிமிடம். அப்படியானால் அது பதினொன்று ஒன்பதுக்குப் புறப்பட்டிருக்கிறது. பதினொன்று ஒன்பதுக்கு அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? இலட்சத்தீவுக்கு மேற்கே மணிக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசக்கூடும் என்று, நிறுத்தி நிறுத்தி, இரண்டு தடவை வாசித்துக்கொண்டிருந்தார். ததேயு இன்னும் வாயைத் திறக்கவில்லை. அப்பா என்று கூப்பிடலாம் என்னும் எண்ணம்கூட அவனுக்குத் தோன்றியிருக்காது. அந்தச் சொல் பிறப்பதற்கு முன்பே அதை விழுங்குவதற்கான வாய் புறப்பட்டு வந்துகொண்டிருந்தது. இதற்கு யாரைக் குறை சொல்வது? சூரியனுக்குக் குமரிக்கடற்கரையில் ஓர் இலாரியுஸ் இருப்பது தெரியாது. தெரிந்திருந்தால் வேண்டுமானால், ஒரு பழைய கணக்கைத் தீர்த்துக்கொள்ள நினைத்திருக்கலாம்; அவர்தாம் அதன்மேல் ஒரு பொய்யைச் சுமத்தியிருந்தாரே.

அலைவரிசையை மேலே ஏற்றினார், ஒன்றுமில்லை. இன்னும் மேலே, வழக்கமாக வெளிநாட்டு நிலையம் ஒன்று பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும் இடத்துக்குப் போனார். அங்கேயும் குண்டூசி விழுந்தால் கேட்கும் அமைதி. உறுதியாயிற்று. மறுபடியும் இறங்கித் தம் இடத்துக்கே வந்தார், துக்கவீட்டிலிருந்து எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு திரும்பவும் அதே பாயில் வந்து உட்காருபவரைப்போல. இன்னைக்கு. இன்னைக்கு என்ன? இன்னைக்கு இயந்திரம் நின்றுபோச்சு என்றிருக்கலாம். இன்னைக்கு ஒருத்தனுக்குக் கை நசுங்கிப் போச்சு என்றிருக்கலாம். நாற்பத்தைந்து என்பது கடலில் நாற்பத்தைந்தாக நிற்பதில்லை. இன்னைக்குக் காற்று நீங்க சொன்னதைவிடக் கூடுதலா இருக்கு என்றிருக்கலாம். ஆனால் அவற்றையெல்லாம் சொல்ல அப்பா எதற்கு? நான்காண்டுகளாக இயந்திரம் நின்றபோதும் ஆள் நோயுற்றபோதும், "கரை, கரை, விடிவெள்ளி பேசுது" என்றுதான் அவன் சொன்னான். செட்டில் யாருக்கும் சொந்தப்பெயர் கிடையாது. படகின் பெயர்தான் ஆளின் பெயர், அவர் பெயர் கரை. அந்த ஒழுங்கு, அவர் இங்கே வந்த புதிதில் அவரே வற்புறுத்திக் கொண்டுவந்தது. பெயர் சொல்லி, உறவு சொல்லி, கூச்சலிட்டுப் பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு முறையாகப் பேசப் பழக்கியவர் அவர். அந்த முறையையே ததேயு ஒரு மதிலாக எழுப்பிக்கொண்டான். வீட்டுக்கு வருவதில்லை, கோவில் முற்றத்தில் எதிர்ப்பட்டால் விலகிப் போவான், ஆனால் காலை பதினொன்றுக்கும் இரவு எட்டுக்கும், ஒருநாளும் தவறாமல், கரையைக் கூப்பிடுவான். காற்று, நீரோட்டம், மீன்பாடு. ஓவர். நாளொன்றுக்கு இரண்டு வேளை மகனின் குரலைக் கேட்கிறோமே என்று இவர் அந்த மதிலின்மேல் காதை வைத்துக்கொண்டு நான்கு வருடம் காலம் தள்ளிவிட்டார். இன்று அந்த மதிலில் ஒரு கல் பெயர்ந்தது. அல்லது இன்றைக்கு என்ன நாள் என்பது அவனுக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். காலை ஆறுமணிப் பூசையில், அவர் மனைவி இரெஜினாளின் நான்காம் ஆண்டு நினைவு என்று பங்குத்தந்தை வாசித்தபோது, இவர் கடைசிப் பெஞ்சில் தூணுக்குப் பின்னால் இருந்தார். அப்பா, இன்னைக்கு அம்மைக்க என்று அந்த வாக்கியம் நடந்திருக்குமோ? நடந்திருக்கலாம். நடக்காமலும் இருந்திருக்கலாம். எழுவாயும் பயனிலையும் இல்லாத இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எத்தனை வீடு கட்டுவது?

படிக்கட்டில் செருப்போசை கேட்டது. கீழே கயிறும் மிதவையும் விற்கும் குருசடிமைதான். முழங்கால் வலிக்காரர், ஒரு படிக்கு ஒரு பெருமூச்சு. கையிலிருந்த தேநீர்க் குவளையைப் பதிவேட்டுக்கு மிக அருகில் வைத்தார். இலாரியுஸ் அதை ஒரு சாண் தள்ளிவைத்தார். "என்ன ஓய், ஊரே அமைதியா இருக்கு? உம்ம பெட்டிக்குச் சீவன் போயிட்டா?" "லைன் இல்லை." "ஏன், என்னவாம்?" இலாரியுஸ் பதில் சொல்லுமுன் ஒருகணம் தயங்கினார். அந்தச் சொல்லை அவர் நான்காண்டுகளாக வாயில் எடுத்ததில்லை; சன்னல் திரையை இழுத்துவிடச் சொல்லும்போதுகூட வெயில் என்றுதான் சொல்வார். "சூரியன்," என்றார். குருசடிமை அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சன்னல் வழியாக, ஒன்றும் அறியாததுபோல் கடல்மேல் காய்ந்துகொண்டிருந்த அதையும் பார்த்தார். "சூரியனை நீரு கூலிக்கு வச்சிருக்கீரா ஓய்? உமக்குத் தேவைப்படும்போது மட்டும் வெடிக்கு?" வேடிக்கையாகத்தான் சொன்னார், அவர் எதையுமே வேடிக்கையாகத்தான் சொல்வார், சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாது என்பது தோன்றவே, தாடையைத் தேய்த்துக்கொண்டார். "நான் சும்மா பறஞ்சேன். தேயிலை ஆறிப்போவும், குடியும்." செருப்போசை ஒவ்வொரு படியாக இறங்கிப் போயிற்று. ஆக, ஊருக்கும் தெரியும். தெரியாமல் எப்படி இருக்கும்? நான்காண்டுகளில் ஒருவரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை என்பதை, ஒருவருக்கும் தெரியாது என்று அவர் பொருள்கொண்டிருந்தார். பொருள்கொள்ள ஆசைப்பட்டிருந்தார் என்று சொல்வதே பொருத்தம்.

நான்காண்டுகளுக்கு முன், ஒரு திங்கட்கிழமை. தெருக்குழாயில் குடத்தை நிறுத்திவிட்டுக் குனிந்த இரெஜினாள் அப்படியே முன்னால் சாய்ந்தாள். குடம் நிரம்பி வழிந்து, அவள் சேலையை நனைத்துக்கொண்டு ஓடியதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். மருத்துவமனையில் மூன்று மணி நேரம். அந்த மூன்று மணி நேரத்தில் இரெஜினாள் இரண்டு தடவை கண்ணைத் திறந்தாள். இரண்டு தடவையும் கதவைத்தான் பார்த்தாள், கட்டிலருகில் நின்ற இவரையல்ல. ததேயு அப்போது கரைக்கு மூன்று நாள் தொலைவில், மேற்கே இருந்தான். கடலில் கிடப்பவனுக்குச் சாவுச் செய்தியைச் செட்டில் சொல்லக்கூடாது என்பது அந்தத் துறையின் எழுதாத சட்டம். எல்லாப் படகுக்கும் கேட்கும் பொதுவாய் அது. அழுகிறவனைச் சுற்றித் தண்ணீர்தான் இருக்கும். ஆகவே படகின் ஸ்ராங்கைக் கூப்பிட்டு, இன்னாருக்க வீட்டுக்குப் பழைய வலை வந்திருக்கு என்று சொன்னால் போதும். அவர் புரிந்துகொண்டு, இயந்திரம் சரியில்லை என்று எதையாவது சொல்லிப் படகைத் திருப்புவார். உரியவன் கரையில் கால்வைத்த பிறகே அறிந்துகொள்வான். இலாரியுஸ் அப்படி எத்தனையோ பழைய வலைகளை அனுப்பியிருக்கிறார், குரலில் ஒரு பிசிறும் இல்லாமல். ஆனால் விடிவெள்ளியின் ஸ்ராங்கு ததேயுவே. பழைய வலை என்றதுமே அவனுக்குப் புரிந்துவிடும். ஸ்ராங்கின் வீட்டுச் சாவை ஸ்ராங்குக்கு எப்படிச் சொல்வது என்பதற்கு அந்தச் சட்டத்தில் வழியில்லை. இதைத்தான் அவர் பிற்பாடு தமக்குள் பலவாறாக எடுத்துரைத்துக்கொண்டார்: எட்டுப் பேரின் உயிர் அவன் கையில் இருந்தது, கண்ணீர் மறைத்த கண்ணோடு சுக்கான் பிடிக்கலாகாது, மரபு அப்படி. எல்லாம் சரியான காரணங்கள். ஒன்றிலும் பிழை காண முடியாது. பிழையில்லாத காரணங்களை அடுக்க அடுக்க அவற்றின் அடியில் கிடந்த ஒன்று நசுங்காமல் துருத்திக்கொண்டே இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றுக்கு, "கரை, கரை, விடிவெள்ளி பேசுது" என்று அவன் கூப்பிட்டபோது, இவர் பொத்தானை அழுத்தினார். அம்மை போயிட்டா என்னும் இரண்டு சொற்கள் நெஞ்சுக்குழி வரை வந்தன. வாயைத் திறந்தால் அவை சொற்களாக வராது, வேறெதுவாகவோ வரும், அதை எல்லாப் படகும் கேட்கும் என்று தெரிந்தது. விரலை எடுத்துவிட்டார். அவ்வளவுதான். சட்டமுமில்லை, மரபுமில்லை. இருபத்தாறாண்டு கப்பலில் பேசியே சம்பாதித்தவருக்கு, தம் குரல் உடைவதைப் பிறர் கேட்பார்களே என்னும் வெட்கம்.

நான்கு நாள் அந்த அறையிலேயே இருந்தார். யாருக்கும் பதில் சொல்லவில்லை. ஒரு படகுக்குச் சொன்னால் விடிவெள்ளிக்கும் கேட்கும். அடக்கத்துக்கு மட்டும் இறங்கிப் போய்விட்டுத் திரும்பவும் ஏறிவந்தார். மகனுக்குச் சொல்லியாச்சா என்று பங்குத்தந்தை கேட்டபோது, "லைன் இல்லை சாமி, சூரியன்ல வெடிப்பு," என்று வாய் தானாகச் சொல்லிற்று. அந்தப் பொய்யின் முதற்பிறப்பு அதுதான், கல்லறை வாசலில், கையில் மண்ணோடு. ஐஸ்பெட்டியில் மூன்று நாள் வைத்திருந்து மகனுக்காகக் காத்திருக்கலாமே என்று ஒருவர் சொன்னதற்கும் அதே பதில்தான். அவன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். முதலில் முறையாக, பிறகு முறைகேடாக. கரை, கரை என்பது மெல்ல மெல்ல அப்பா ஆயிற்று. அப்பா, கேக்குதா, கேட்டா ரெண்டு தட்டு தட்டுங்க. குரல் போகாத தொலைவில், பொத்தானை இரண்டு முறை அழுத்தி விட்டால் எதிர்முனையில் டக், டக் என்று விழும். கேட்டேன் என்பது அதன் பொருள். வாய் திறக்க வேண்டியதில்லை. அதைக்கூட அவர் செய்யவில்லை. ஆனால் பழக்கம் என்னும் பேய் எந்த நேரத்திலும் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். அவன் ஒவ்வொரு முறை கூப்பிட்டபோதும் அவருடைய கண் கடிகாரத்தைப் பார்க்க, வலக்கை எழுதிற்று. நேரம், படகின் பெயர், செய்தி. கடைசிக் கட்டத்தில், பதில் தரப்படவில்லை. பத்தொன்பது அழைப்புகள். அந்தப் பதிவேடு இப்போதும் மேல்தட்டில், பழைய வானிலைத் தாள்களுக்கு அடியில் இருக்கிறது. எரித்திருக்கலாம். பதிவேட்டை எரிக்கும் கை அவருக்கு வாய்க்கவில்லை. வெள்ளிக்கிழமை இரவு எட்டு வரை மௌனமாக இருந்தவர், சனிக்கிழமை காலைதான் பேசினார். லைன் சரியாச்சு என்றார். ததேயு ஒருகணம் மூச்சுவாங்கிவிட்டு, "வீட்டில எல்லாரும் சுகமா, அம்மை சுகமா, ஓவர்," என்றான். "கரையில எல்லாம் சுகம், ஓவர்." இந்தச் சொற்றொடரை அவர் உதடுகள் இன்றுவரை தூக்கத்தில் சொல்லிப் பார்ப்பதுண்டு.

ஒன்பது நாள் கழித்து, நிறைந்த படகோடு அவன் வந்தான். ஒரு பெரிய சூரை மீனை அம்மைக்கென்று தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நடந்து வந்ததாகவும், அவனைப் பார்த்த பெண்கள் ஒவ்வொருவராக வீட்டுக்குள் போய்விட்டதாகவும் சொன்னார்கள். கல்லறையில் ஈரம்கூட உலர்ந்திருந்தது. அன்று மாலை அவன் இந்த அறையின் வாசலில் வந்து நின்றான். மேலே மீன்வாடை, கண் சிவந்திருந்தது, குரல் மட்டும் அமைதி. "லைன் இல்லைன்னு சாமியார் சொன்னாரு." "ஆமா மக்கா. சூரியன்ல பெரிய வெடிப்பு. நாலு நாளு ஒண்ணும் கேக்கல." அவன் தலையை ஆட்டினான். நம்பிவிட்டான் என்றே இவர் எண்ணினார். பிறகு அவன் கேட்டான்: "நான் ராத்திரியும் கூப்பிட்டேன். ராத்திரியிலுமா சூரியன்?" கப்பலில் காலடி வைத்த முதல் மாதமே கற்ற பாடம், இரவில் செத்தால் உன் கருவியைக் கேள். சிறுவயதில் அவனுக்கும் அவரே சொல்லிக்கொடுத்ததுதான். பொய் சொல்லத் தெரியாதவர் சொன்ன பொய். தம் தொழிலின் முதற்பாடத்தில் தோற்ற பொய். அவன் படியிறங்கிப் போனான். அதற்குப் பிறகு, அப்பா என்னும் சொல் இன்று பதினொன்று பதினேழுக்குத்தான் வந்தது; வந்ததும் செட்டு செத்தது. அவன் பக்கத்திலிருந்து இது எப்படிக் கேட்டிருக்கும் என்பது இவருக்கு அப்போதுதான் உறைத்தது. தேநீரில் ஆடை படிந்து கிடந்த அந்த வேளையில்தான். நான்காண்டு கழித்து, எதையோ விழுங்கிக்கொண்டு அவன் அப்பா என்கிறான். அடுத்த நொடி கரை மௌனமாகிறது. அன்றைக்குப்போலவே. அவன் என்ன நினைப்பான்? கிழவர் மறுபடியும் விரலை எடுத்துவிட்டார் என்றல்லவா நினைப்பான்?

நண்பகல் மணி அடித்தது. எழுந்து நின்று சிலுவை போட்டுக்கொண்டு திரும்பியபோது, வாசலில் மருமகள் சுபிதா நின்றிருந்தாள். அவள் தன் வீட்டுக்காரனுக்குத் தெரிந்தும் தெரியாமலும் செவ்வாய், வெள்ளிகளில் மாமனாருக்குச் சோறு கொண்டுவருபவள். இன்று அந்த நாளல்ல, கையில் பாத்திரமும் இல்லை. "மாமா, லைன் போச்சுன்னு கயிறுக்கடை மாமா சொன்னாரு. மெய்தானா?" "மெய்தான். ஒருமணி நேரத்தில வந்துரும்." "காத்துன்னு சொன்னியளே, அவரு அந்தப் பக்கந்தானே நிக்காரு." "வேற படகும் நிக்குது. பக்கத்தில பக்கத்தில நிக்காங்க. பயப்படாதே." அவள் சுவரோரம் இருந்த பெஞ்சின் நுனியில் அமர்ந்தாள். மின்விசிறி சுழன்றது. "ததேயு இன்னைக்கு என்னமோ சொல்ல வந்தான்," என்றார் அவர். "அப்பான்னு கூப்பிட்டான்." சுபிதாவின் கை சேலைத் தலைப்பில் அப்படியே நின்றது. "அப்பான்னா?" "ம். அப்பா, இன்னைக்குன்னு சொன்னான். அதோட போச்சு." "போறதுக்கு முந்தின நாளு அம்மைக்க படத்தைத் துடைச்சு வச்சாரு. ஒண்ணும் பேசல. நானும் கேக்கல," என்றாள். பிறகு, கேட்கத் தகாததைக் கேட்பவளாகக் குரலைத் தாழ்த்தி, "மாமா, கோவப்படாதீங்க. லைன் தானா போச்சா? இல்ல நீங்க…" என்று நிறுத்தினாள். இலாரியுசுக்குக் கோபம் வரவில்லை. கோபம் வருவதற்கு உரிமை வேண்டும். "தானா போச்சு," என்றார். "நான் நம்புதேன்," என்றாள் அவள். "அவரு நம்பமாட்டாரு மாமா." சொல்லிவிட்டுத் தலைப்பை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். உண்மை இவ்வளவு எளிதாக இருந்தது. சோறு வெந்துவிட்டது என்பதுபோல.

பன்னிரண்டு பத்து. பன்னிரண்டு பதினைந்து. இந்த வெடிப்போடு முடிவதில்லை என்பதும் அவர் படித்ததுதான். ஒளி முதலில் வந்துவிடும். பெருவெடிப்பாக இருந்தால், சூரியனிலிருந்து பெயர்ந்த புகைமலை போன்ற ஒன்று மெதுவாக, இரண்டு நாளோ மூன்று நாளோ எடுத்துக்கொண்டு, பின்னால் வந்து சேரும். வந்தால் திசைகாட்டியின் முள்ளே நடுங்கும். இரெஜினாளின் சாவும் அவருக்கு அப்படித்தான் வந்தது. மருத்துவமனையில் அழவில்லை, கல்லறையில் அழவில்லை. மூன்றாம் நாள், ததேயு, கேட்டா ரெண்டு தட்டு தட்டுங்க என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவனுக்கு வந்து சேர எத்தனை நாள் ஆயிற்றோ? வந்துவிட்டதா, இன்னும் வழியில்தான் இருக்கிறதா? வெயில் மேசையின் கால்பகுதியைப் பிடித்திருந்தது. இதே வெயில்தான், நெல்லும் கருவாடும் காயும் வெயில், இதில் எந்த இழை குரலைத் தின்றது என்று பிரித்துப் பார்க்க முடியாது. அப்போது, முதலில் சுபிதாதான் தலையை நிமிர்த்தினாள். செட்டின் ஆழத்தில் எங்கோ ஒரு சலிப்பு; மணல்; மிக மெல்லிய மணல். இரைச்சல் கூடிற்று, குறைந்தது, மறுபடியும் கூடிற்று. அதற்குள் ஒரு குரல் முங்கி எழுந்தது: "…ரை, கரை, சங்குமாதா பேசுது, கேக்குதா?" "கேக்குது சங்குமாதா, ஓவர்." "என்ன ஓய், ஒரு மணிக்கூரா ஆளே இல்ல, சாப்பிடப் போயிட்டீரா?" "இல்லை. எல்லாரும் சுகமா, ஓவர்." ஒவ்வொரு படகாக வந்தது. அவர் ஒவ்வொன்றையும் எழுதினார். பதினாறாவதாக வந்தது அது.

"கரை, கரை, விடிவெள்ளி பேசுது, ஓவர்." காய்ந்த குரல். காலையில் கேட்ட குரலுக்கும் இதற்கும் இடையில் ஒரு கதவு சாத்தப்பட்டிருந்தது. "விடிவெள்ளி, கேக்குது. படகு சுகமா, ஆளு சுகமா, ஓவர்." "சுகம். காத்து முப்பத்தஞ்சு. தெக்க மாறி நிக்கோம், ஓவர்." சுபிதா கண்ணை மூடிக்கொண்டாள். இலாரியுஸ் பதிவேட்டில், காய்ந்துபோன அந்தப் புள்ளியைப் பார்த்தார். "விடிவெள்ளி காலத்த என்னமோ சொல்ல வந்தது. பாதியில போச்சு. ஓவர்." இரைச்சல். "ஒண்ணுமில்ல." மறுபடியும் இரைச்சல். பிறகு, "லைனுக்கு என்னாச்சு, ஓவர்." இதற்குப் பழுது என்று சொல்லலாம். உருகி போனது என்று சொல்லலாம், நம்புவான், நம்பத்தக்க பொய்கள் எத்தனையோ இருந்தன. நம்பமுடியாத உண்மை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. "சூரியன்," என்றார். முப்பத்தெட்டுப் படகும் கேட்டது. அந்தப் பக்கம் யாரோ சிரிப்பை அடக்கியதுபோல் ஒரு சத்தம், ததேயு சிரிக்கவில்லை. "சூரியன்," என்று திருப்பிச் சொன்னான். ஓவர் என்று சொல்லவில்லை.

இலாரியுஸ் எழுந்து, மேல்தட்டிலிருந்து வானிலைத் தாள்களை ஒதுக்கி, அந்தப் பழைய பதிவேட்டை எடுத்தார். தூசியைத் தட்டவில்லை. உட்கார்ந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பொத்தானை அழுத்தினார். "இன்னைக்குச் சூரியன், மக்கா. அன்னைக்கு நான்." குரல் உடைந்தது. உடைந்ததை அவர் மறைக்கவில்லை. பொத்தானிலிருந்து விரலையும் எடுக்கவில்லை. "செவ்வாய்க்கிழமை காலத்த பதினொண்ணு. விடிவெள்ளி கூப்பிட்டுது. கேட்டுது. பதினொண்ணு நாலு, கேட்டுது. ராத்திரி எட்டு, கேட்டுது. எட்டு பத்து, அப்பான்னு கூப்பிட்டுது. கேட்டுது." வரிவரியாக, ஒன்றையும் விடாமல், பத்தொன்பதையும் வாசித்தார். வியாழன் இரவு, கேட்டா ரெண்டு தட்டு தட்டுங்க என்ற இடத்தில் மட்டும் சற்று நின்று, பிறகு அதையும் வாசித்து, கேட்டுது என்றார். "எல்லாம் கேட்டுது, ஓவர்," என்று முடித்து விரலை எடுத்தார்.

ஒரு படகும் குறுக்கிடவில்லை. மணல் சலித்துக்கொண்டே இருந்தது. சுபிதா பெஞ்சிலிருந்து எழுந்து அவர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள். இது யாருடைய மௌனம், சூரியனுடையதா, அவனுடையதா என்று கேட்பதற்கு அவருக்கு இனி உரிமையில்லை. ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டாயிற்று.

டக்.

கப்பல் நாள்களில், பேச்சில்லாமல் தந்திவிசையின் தட்டல்களை மட்டும் கேட்டே, அழுத்துபவன் யார், அவன் தூங்கினானா, குடித்திருக்கிறானா என்று சொல்லிவிடக்கூடிய காதுகள் அவருடையவை. சாப்பாட்டு மேசையில் அவரைப் பார்த்துக் கரண்டியால் தட்டக் கற்றுக்கொண்ட ஆறு வயது மகன் முதல் தட்டுக்கும் இரண்டாம் தட்டுக்கும் இடையில் தேவைக்குமேல் காத்திருப்பான். எத்தனை சொல்லியும் திருந்தவில்லை. அந்த இடைவெளி முழுவதும் இலாரியுஸ் அசையாமல் இருந்தார்.

டக்.

அவர் பேனாவை எடுத்தார். நேரம், பன்னிரண்டு முப்பத்தொன்று. படகின் பெயர் எழுத வேண்டிய கட்டத்தில், பதினோராண்டுகளில் முதன்முறையாக முறை தவறி, ததேயு என்று எழுதினார். செய்தி: கேட்டான். காலையில் அறுந்துபோன வாக்கியத்துக்காக ஊறியிருந்த புள்ளியை அவர் தொடவில்லை. புள்ளிக்கு அப்பால் அந்தக் கட்டம் வெறுமையாகவே கிடந்தது.